பல் மருத்துவத் தந்தை இரபியுத்தீன் அகமது

முத்தும் பல்லும்

பாண்டிய நாட்டின் பழம்பெருந் துறைமுகம் கொற்கை. பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்தில் விளங்கிய அப்பட்டினத்தின் முத்து, யவனர் நாடு வரையில் புகழ் பெற்றிருந்தது. நாளடைவில் ஆறு கொணர்ந்த மணல் மேடிட்டுக் கடல் விலகவே, கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன் பின்னர்க் காயலும், அதன் பின்னர்த் தூத்துக்குடியும் முத்து வாணிகத்தின் உறைவிடங்கள் ஆயின. பரதவர் கல்லொன்றைத் துணையாகக் கொண்டு கடலடியில் மூழ்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைத் திரட்டி மேலெழுவர். 1961ஆம் ஆண்டொடு தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் நின்றுபோயிற்று. எனினும் முத்து நகர் என்னும் பெயர் அவ்வூரை விட்டு இன்றும் நீங்கவில்லை.

நம் புலவர் பெருமக்கள் மகளிர் பல்லுக்கும் மழலையர் பல்லுக்கும் முத்தையே உவமையாக எடுத்தாண்டனர். வெண்மையும் ஒளியும் வரிசையும் நோக்கி எழுந்தது அவ்வுவமை. பல்லின் மேலுறையாகிய எனாமலுக்கு அறிவியற் பாடநூல்கள் பற்சிப்பி என்று பெயரிட்டன. சிப்பி முத்தைக் காப்பது போல அவ்வுறை பல்லைக் காத்து நிற்றலின் அப்பெயர் மிகவும் பொருந்துவதாயிற்று.

ஆயினும் முத்துக்கும் பல்லுக்கும் இடையே பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. உயிருள்ள சிப்பியினுள் வேண்டாத பொருள் ஏதேனும் புகுந்துவிட்டால், அச்சிப்பி ஒளிமிக்க நீர்மம் ஒன்றைச் சுரந்து, படலத்தின்மேல் படலமாகப் பூசி அப்பொருளை மூடிவிடும். அங்ஙனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிய பூச்சே முத்தாகின்றது. இவ்வியல்பைத் துணையாகக் கொண்டே 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலுள்ள கடல்மீன் ஆராய்ச்சியாளர்கள் சிப்பியினுள் சிறு மணியைப் பதித்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். பல்லுக்கு இவ்வாற்றல் இல்லை. பற்சிப்பியை உருவாக்கிய உயிரணுக்கள், பல் ஈற்றைக் கீண்டு வெளிப்படும்போதே மறைந்துவிடுகின்றன. பின்னர் அங்குக் குழி விழுந்தால் பல் அதனைத் தானே வளர்ந்து மூடிக்கொள்ளாது. காப்பு வெளியிலிருந்தே வருதல் வேண்டும். அதனை அளிக்கக் கற்றவர் கை வேண்டும்.

அத்தகைய கற்றோரை இந்நாட்டிலேயே பயிற்றுவிக்க எண்ணி, முதன்முதலாக ஒரு பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர் டாக்டர் இரபியுத்தீன் அகமது ஆவார்.

பிறப்பும் இளமையும்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பியோடு சங்கும் எடுப்பது வழக்கம். தூத்துக்குடியில் எடுக்கப்பெற்ற சங்குகள் மூட்டை மூட்டையாக வங்காளத்திற்குச் சென்றன. டாக்கா நகரத்துச் சங்கறுப்போர் அவற்றை வாளால் அறுத்து, இழைத்து, வளையல்களாகச் செய்தனர். வங்கப் பெண்டிர் அவ்வளையல்களை மங்கலப் பொருளாகப் போற்றி அணிந்தனர். இவ்வாறு நெடுந்தொலைவில் இருந்த இரண்டு நகரங்களைக் கடல் விளைபொருள் ஒன்று இணைத்து வைத்தது.

அந்த டாக்காவைத் தலைநகராகக் கொண்டு இன்று வங்காளதேசம் என வழங்கும் கிழக்கு வங்காளத்தில், பர்தன்பாரா என்னும் ஊரில், 1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் இரபியுத்தீன் அகமது பிறந்தார். இளமைக் கல்வியை டாக்காவில் பெற்றார்; பின்னர் அலிகார் சென்று பயின்றார்.

அக்காலத்தில் இந்திய நாட்டில் பொது மருத்துவம் கற்பிக்கும் கல்லூரிகள் சில இருந்தன. சென்னையிலும் கல்கத்தாவிலும் அவை 1835ஆம் ஆண்டு முதலே நடைபெற்று வந்தன. பல் மருத்துவத்திற்கோ ஒரு கல்லூரியும் இல்லை. ஆலங்குச்சி, வேலங்குச்சி, உப்பு, கரித்தூள் ஆகியவற்றால் பல் துலக்கும் நல்ல பழக்கம் மக்களிடம் இருந்தது உண்மையே. ஆனால் பல்லில் நோய் கண்டபின் செய்வது யாது? சந்தையிலும் தெருவோரத்திலும் அமர்ந்து பல் பிடுங்குவோரை நாடுவதே ஏழை மக்களுக்கு வழியாயிருந்தது. அவர்களுள் கைத்திறன் உடையோர் சிலர் இருந்திருக்கலாம். பிடுங்கப்பட்ட பல்லை அவருள் எவராலும் மீட்டுத் தர இயலாது. நோயுற்ற பல்லைக் காப்பாற்றுதலும், நோய் வருமுன் தடுத்தலும் பொதுமக்கள் எட்டாத செய்திகளாகவே இருந்தன.

கடல் கடந்த கல்வி

உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி 1840ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில், பால்டிமோர் நகரில் தோன்றியது. அதுமுதல் அந்நாடு இத்துறையில் முன்னணியில் நின்றது. ஆதலின் பல் மருத்துவம் பயில விரும்பியோர் அந்நாட்டை நாடுதல் இயல்பாயிற்று. இரபியுத்தீன் அகமது 1909ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பல் மருத்துவம் பயின்று, 1915ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பழக்கமில்லாத குளிரும் உணவும் உடைய நாட்டில், உற்றார் உறவினரைப் பிரிந்து கற்ற கல்வி அது.

பட்டம் பெற்ற காலத்தில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அகமது பாஸ்டன் நகரத்துப் போர்சைத் சிறுவர் பல் மருத்துவமனையில் பணியில் அமர்ந்து, 1918ஆம் ஆண்டு வரையில் அங்குத் தொண்டாற்றினார்.

அம்மருத்துவமனையைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். போர்சைத் குடும்பத்தார் தம் உடன்பிறந்தார் நினைவாகப் பொருள் உதவி நிறுவிய அறநிலையம் அது. 1914ஆம் ஆண்டில் அதன் பெரிய கட்டடம் திறக்கப்பெற்றது. நகரத்து ஏழைச் சிறுவரின் பல்லைக் காப்பதே அதன் நோக்கம். முதியோரின் நோயைத் தீர்ப்பதில் காட்டும் அக்கறையைச் சிறுவரின் நோயைத் தடுப்பதில் காட்டினால், அம்முதியோர் நோயே பெரும்பாலும் இல்லாது போகும் என்னும் கருத்தின்மேல் எழுந்த நிலையம் அது.

சிறுவர் பல்லைக் காப்பதில் பெற்றோர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். குழந்தைக்கு ஆறு வயது நிரம்பும்போது, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால் புதிய கடைவாய்ப்பல் முளைக்கின்றது. எந்தப் பாற்பல்லும் விழாமல் அது முளைப்பதால், அதனையும் பாற்பல் என்றே கருதிவிடுகின்றனர். விழப்போகும் பல்தானே என்று கவனியாது விடுகின்றனர். அதுவோ வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய நிலைப்பல். சொத்தை மிகுதியாகப் பற்றுவதும் அதனையே. சிறுவர் மருத்துவமனையில் பணிபுரிவோர் நாள்தோறும் காணும் காட்சி இது. வருமுன் காக்கும் இக்கலையில் பயின்ற பின்னரே அகமது தாய்நாடு திரும்பினார்.

கல்லூரி கண்ட வரலாறு

1919ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்து கல்கத்தா நகரில் தங்கினார். அமெரிக்கப் பட்டமும் சிறந்த பயிற்சியும் உடைய அவர் செல்வர்களுக்கு மருத்துவம் பார்த்துப் பெரும்பொருள் ஈட்டி வாழ்ந்திருக்கலாம். ஆயின் ஒருவர் எத்துணைத் திறம் உடையவராயினும் ஒரு நாளில் எத்தனை வாய்களைப் பார்த்துவிட முடியும்? நாடோ பரந்தது; மக்களோ கோடிக்கணக்கினர். கற்றவர் ஒருவர் நூற்றுவரை உண்டாக்கினாலன்றி இக்குறை தீராது. ஆகவே 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அவர் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்திய நாட்டில் தோன்றிய முதற் பல் மருத்துவக் கல்லூரி அதுவே.

கல்லூரி நடத்தப் பொருள் வேண்டும். அதன்பொருட்டு அகமது நியூயார்க் சோடா பவுண்டன் என்னும் குளிர்பானக் கடை ஒன்றைக் கல்கத்தாவில் நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்கு ஆக்கினார். இனிப்புப் பானம் பல்லுக்குப் பகை. அப்பகையை விற்ற காசே பல்லைக் காக்கும் கலைக்கோயிலை எழுப்ப உதவிற்று என்பது நினைந்து வியத்தற்கு உரியது. படித்த மருத்துவர் ஒருவர் கடை வைத்தல் தகுமோ என்று அவர் நாணவில்லை. எடுத்த செயல் உயர்ந்ததாயின், அதற்கென நேர்வழியில் செய்யும் தொழில் எதுவும் தாழ்ந்ததன்று.

புதிய கல்லூரிக்கு உலகில் எளிதாக மதிப்புக் கிடைத்துவிடுவதில்லை. பல் மருத்துவம் தனிக்கலை என்பதையே ஏற்காதார் பலர் இருந்த காலம் அது. இவற்றையெல்லாம் பொறுத்து அகமது கல்லூரியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வளர்த்தார். முகம்மது அலி ஜின்னாவின் தங்கையார் பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்றவர் ஆவார். பெண்கள் கல்லூரி செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில் பல் மருத்துவம் பயிலவும் பெண்ணொருவர்க்கு இங்கு இடம் கிடைத்தது.

தாம் பொருளும் உழைப்பும் சொரிந்து வளர்த்த இக்கல்லூரியை 1949ஆம் ஆண்டில் மேற்கு வங்காள அரசினரிடம் அவர் ஒப்படைத்தார். இன்று அது டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நூலும் இதழும் சட்டமும்

கல்லூரி ஒன்றினாலேயே கலை வளர்ந்துவிடாது. கற்றோர் கூடிப் பேசச் சங்கம் வேண்டும். கண்டவற்றை வெளியிட இதழ் வேண்டும். மாணவர் கையில் நூல் வேண்டும். இம்மூன்றையும் அகமது அமைத்தார். 1925ஆம் ஆண்டில் வங்காளப் பல் மருத்துவர் சங்கம் தோன்றுதற்கு அவர் காரணராயிருந்தார். அதே ஆண்டில் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கினார். 1928ஆம் ஆண்டில் பல் சீரமைப்பு முறைகளைப் பற்றி மாணவர்க்குரிய கைந்நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார்.

இதழ் நடத்துவதன் பயன் பெரிது. ஒரு மருத்துவர் தாம் கண்ட புதுமுறையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அது நல்லதா தீயதா என்பது பிறர்க்குத் தெரியாது. எழுதி வெளியிட்டால் பிறர் அதனைச் செய்து பார்ப்பர். குறை கண்டால் எடுத்துரைப்பர். நிறை கண்டால் ஏற்பர். ஒரு மருந்தோ முறையோ ஏதமற்றது என்று துணிவதற்கு இவ்வாறு பலர் ஆய்தலைக் காட்டிலும் சிறந்த வழி இல்லை.

அடுத்து அவர் கருத்துச் செலுத்தியது சட்டத்தில் ஆகும். கல்லாதவரும் பலகை எழுதி மாட்டிக்கொண்டு பல் மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்னும் நிலை இருக்குமட்டும், கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பொதுமக்கள் அறிய வழியில்லை. தாயொருத்தி தன் குழந்தையின் வாயை எவரிடம் நம்பித் திறந்து காட்டுவாள்? இவ்விடர் நீங்கும் வண்ணம், தகுதி பெற்றோரைப் பதிவு செய்யும் சட்டம் வேண்டும் என்று அகமது முயன்றார். அம்முயற்சியின் பயனாக 1939ஆம் ஆண்டில் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறிற்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1948இல் இந்தியா முழுமைக்கும் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அச்சட்டப்படி 1949ஆம் ஆண்டில் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைந்து, கல்லூரிகளின் தரத்தையும் மருத்துவர் பதிவையும் மேற்பார்க்கத் தொடங்கிற்று. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சட்டத்தின் வடிவம் மாறினும், தகுதியுடையார் பெயர் பதிவேட்டில் இருத்தல் வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை.

கல்கத்தாவில் ஏற்றிய விளக்கின் ஒளி மற்ற மாநிலங்களிலும் பரவிற்று. தமிழகத்தில் 1953ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிப் பின்னர்த் தனிக் கல்லூரியாக வளர்ந்தது.

பொதுப்பணியும் மறைவும்

அகமது மருத்துவத்தோடு நில்லாமல் பொதுவாழ்விலும் ஈடுபட்டார். கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினராக இருந்து நகர மக்களுக்குப் பணியாற்றினார். 1947ஆம் ஆண்டில் வங்காளம் இரண்டாகப் பிரிந்தது. பிறந்த மண் வேற்று நாடாயிற்று. எனினும் அவர் தாம் வளர்த்த கல்லூரி இருந்த கல்கத்தாவிலேயே தங்கினார். 1950ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரையில் மேற்கு வங்காள அமைச்சரவையில் இடம் பெற்று, வேளாண்மை, கூட்டுறவு, மறுவாழ்வு முதலிய துறைகளில் தொண்டு செய்தார். அப்பொழுது முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய் அவர்களும் புகழ்பெற்ற மருத்துவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1964ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. மறு ஆண்டு, 1965 பிப்ரவரி 9ஆம் நாள், அப்பெருந்தகை இவ்வுலக வாழ்வை நீத்தார். இந்தியப் பல் மருத்துவர்கள் அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாளைத் தங்கள் திருநாளாகக் கொண்டாடுகின்றனர்.

அவர் மறைந்தபின் வளர்ந்த காப்புக்கலை

கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு சமமானதன்று. அதில் மேடுகளும் ஒடுங்கிய பிளவுகளும் உள்ளன. பிளவுகள் சிலவற்றின் அகலம் பல்துலக்கியின் ஒரு மயிரினும் குறைவு. கோவிற்பட்டிக் கடலைமிட்டாயும், உடன்குடிக் கருப்பட்டியும், தூத்துக்குடி மக்ரூனும் நாவிற்கு இனியவை. அவற்றை உண்டபின் பிளவினுள் தங்கும் இனிப்பை எத்துணைத் துலக்கினும் முற்றும் அகற்ற இயலாது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அவ்வினிப்பை உண்டு புளிப்பை உமிழ்கின்றன. அப்புளிப்புப் பற்சிப்பியைக் கரைக்கின்றது. சொத்தை தோன்றும் வகை இதுவே.

இப்பிளவுகளைச் சொத்தை விழுமுன்னரே காத்துவிட முடியாதா என்று மருத்துவர்கள் பன்னெடுங் காலம் எண்ணி வந்தனர். 1923ஆம் ஆண்டில் ஹையாட் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், நோயற்ற பிளவையும் சிறிது குடைந்து அடைத்துவிடலாம் என்று கூறினார். நோய் வருமுன் காக்கும் எண்ணம் அதில் இருந்தது. ஆயினும் நலமான பல்லையும் குடைய வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் நகரத்து ஆராய்ச்சியாளர் மைக்கேல் புவோனோகோர் புதுவழி ஒன்றைக் கண்டார். பற்சிப்பியின் மேற்பரப்பை அமிலச் செயலால் சிறிது சொரசொரப்பாக்கினால், பிசின் அதில் நன்கு பற்றிக்கொள்ளும் என்று அவர் காட்டினார். அகமது மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1967ஆம் ஆண்டில், அவரும் அவருடன் பணியாற்றியவரும் பிளவுகளைப் பிசினால் மூடிச் சொத்தையைத் தடுத்த செய்தியை வெளியிட்டனர். இதனையே பல் மருத்துவர்கள் சீலண்ட் என்கின்றனர். காப்புப் பூச்சு எனத் தமிழில் கூறலாம்.

பூசும் முறை எளிது. பல்லைத் தூய்மை செய்து, உமிழ்நீர் படாமல் உலர்த்தி, அமிலத்தால் தொட்டுக் கழுவி, மீண்டும் உலர்த்திப் பிசினை இடுவர். ஒளிவிளக்கைக் காட்டியதும் அது இறுகிவிடும். ஊசியில்லை, குடைதலில்லை, வலியுமில்லை. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லுக்கும், பன்னிரண்டு வயதளவில் முளைக்கும் அடுத்த கடைவாய்ப்பல்லுக்கும், அவை முளைத்த சிறிது காலத்திற்குள் பூசுதல் நன்று.

ஐயமும் தெளிவும்

பிள்ளையின் வாயில் புதுப்பொருள் ஒன்றைப் பூசப்போகின்றனர் என்றால், பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சம் அன்பினால் பிறப்பது. அதனை இகழ்தல் கூடாது. ஐயத்திற்கு இடமும் ஒருகால் இருந்தது. இப்பிசின்களுள் பலவற்றை ஆக்குதற்குப் பிஸ்பீனால் ஏ என்னும் வேதிப்பொருள் பயன்படுகின்றது. மிகுதியாக உட்சென்றால் அது உடலின் சுரப்பிகளைத் தாக்கக்கூடும் என்பர். 1996ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகர ஆராய்ச்சியாளர்கள், பூச்சிட்ட ஒரு மணி நேரத்திற்குள் திரட்டிய உமிழ்நீரில் அப்பொருள் சிறிது இருத்தலைக் கண்டு வெளியிட்டனர். செய்தி உலகெங்கும் பரவிப் பெற்றோர் பலரைக் கலங்கச் செய்தது.

கலங்கியதோடு மருத்துவ உலகம் நின்றுவிடவில்லை. எவ்வளவு வெளிப்படுகின்றது, எத்தனை நேரம் வெளிப்படுகின்றது என்று அளக்கத் தொடங்கிற்று. பூசிய முதற் சில மணி நேரத்தில் மட்டுமே சிறிதளவு வெளிப்படுதலும், பின்னர் அது குறைந்து போதலும் தெரியவந்தன. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 12 வகைப் பூச்சுகளை ஆய்ந்தது. அவற்றிலிருந்து வெளிப்பட்டது 0.09 நானோகிராம் என்னும் மிகச் சிறிய அளவே. 20 கிலோ எடையுள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு உரிய எல்லையாக அங்கு அப்பொழுது கொள்ளப்பட்டது 10 இலட்சம் நானோகிராம் ஆகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது நம் முன்னோர் மொழி. அளவை அறியாமல் அஞ்சுவதும், அளவை அறியாமல் துணிவதும் ஒருங்கே பிழையாம் என்பது அதனால் விளங்கும்.

எதிர்ப்பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பூச்சிட்ட பற்களில், முதல் இரண்டு ஆண்டுகளில் சொத்தை நூற்றுக்கு 80 பங்கும், நான்கு ஆண்டுகள் வரையில் நூற்றுக்கு 50 பங்கும் தடுக்கப்படுகின்றது. பூசாமல் விட்டால் சொத்தை வரலாம். சொத்தை வந்தால் குடைந்து அடைக்க நேரும். அடைப்பதற்கும் பிசினையே பயன்படுத்துவர். நோய் முற்றினால் பல்லையே இழக்க நேரும். ஒன்றும் செய்யாதிருத்தலே ஏதமற்றது என்று எண்ணுதல் பொருந்தாது என்பதை இதனால் உணரலாம்.

அறிவுடைய பெற்றோர் மருத்துவரிடம் சில வினாக்களை வினவுதல் நன்று. இப்பல்லில் பிளவு ஆழமானதா? பூசப்போகும் பொருள் யாது? பிள்ளைக்குப் பிசினால் ஒவ்வாமை உண்டாகுமா? பூசி முடிந்ததும் மேற்பரப்பைத் துடைத்து வாய் கொப்பளிக்கச் செய்வீர்களா? இவ்வாறு செய்தால் இறுகாமல் எஞ்சிய பிசினும் நீங்கிவிடும். பிசின் வேண்டா என்பார்க்குக் கண்ணாடி அயனோமர் என்னும் வேறு பொருளும் உண்டு. அது பிசினைவிட விரைவில் தேயினும், ஈரம் முற்றும் அகலாத இளம்பல்லுக்கு ஏற்றது. பூச்சு ஒருமுறை இட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடலாகாது. ஓரம் பெயர்ந்துள்ளதா என்று ஆண்டுதோறும் காட்டிப் பார்த்தல் வேண்டும். இனிப்பைக் குறைத்தலும் இருவேளை பல் துலக்கலும் பூச்சிட்ட பின்னும் விடத்தகாதவை.

நிறைவு

இவ்வினாக்களை ஒரு தாய் இன்று தூத்துக்குடியில் கேட்கலாம், திருச்செந்தூரில் கேட்கலாம், வேம்பாற்றில் கேட்கலாம். கேட்டால் விடை கூறுவதற்குக் கற்ற மருத்துவர் இருக்கின்றார். அவர் கற்றவர்தாம் என்பதற்குப் பதிவேடு சான்று பகர்கின்றது. அவர் கூறும் விடைக்கு இதழ்களில் வெளிவந்த ஆய்வுகள் துணை நிற்கின்றன. 1920ஆம் ஆண்டுக்கு முன் இம்மூன்றும் இந்நாட்டில் இல்லை. கல்லூரியால் முதலாவதையும், சட்டத்தால் இரண்டாவதையும், இதழால் மூன்றாவதையும் தொடங்கி வைத்தவர் இரபியுத்தீன் அகமது.

அவர் காப்புப் பூச்சைக் கண்டவரல்லர். தம் வாழ்நாளில் அதனைக் கையால் தொட்டவருமல்லர். ஆயினும் அதனை நம்பலாமா என்று ஆய்ந்து துணியும் வழியை இந்நாட்டு மக்களுக்கு அமைத்துத் தந்தார். மருந்துகள் மாறும், கருவிகள் மாறும், நாளை வேறொரு பூச்சு வரும். அப்பொழுதும் அச்சத்திற்கும் ஆரவாரத்திற்கும் செவிகொடாமல், கற்றவரை வினவி, அளவை அறிந்து, நன்மை தீமைகளை நிறுத்து முடிவு செய்வாரே தம் மக்களைக் காப்பவர் ஆவர். குளிர்பானம் விற்ற காசில் கல்லூரி கட்டிய அப்பெரியாரின் வாழ்வு இவ்வுண்மையை நமக்கு உணர்த்துகின்றது.